காகிதத்தில் பத்துப் பெயர்

ஆகஸ்ட் 1, 1990, புதன். சால்மியா, குவைத்

ஹுபர்ட் இன்று கடையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்தான். அவன் வேலை பார்க்கும் கேசட் கடையில் புரோக்ரசிவ் ராக் இசைக்குத் தனி அலமாரி வைக்கிறார்களாம். அதற்கு மேலே தொங்கவிட, அந்த வகையில் தலைசிறந்த பத்துக் குழுக்களின் பெயரை எழுதித் தரச் சொன்னான். பதினோரு வருஷமாகக் கட்டட வரைபடம் போடுகிறேன். என் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் பத்து எவை என்று முடிவாக வேண்டும். அதிலேயே சாப்பாடு ஆறிப்போனது. கிங் க்ரிம்ஸன், யெஸ், ஜெனசிஸ் மூன்றிலும் சண்டை இல்லை. கேமல் பத்துக்குள் வரும் என்கிறான் ஹுபர்ட். வராது என்கிறேன் நான்.

"கேமலுக்க கிட்டார கேட்டா மனசு நெறையுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கண்ணே."

"மனசு நெறையறதுக்கு வேற பாட்டு இருக்குடா. இது மூளையோட கேக்கறது. ஒரு பாட்டு இருபது நிமிஷம் போகணும், தாளம் ஏழுல போய் பதினொண்ணுல திரும்பணும். கேமல் ரொம்ப சாது."

சதக்கத்துல்லா பாய் எங்களோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறவர். கீழக்கரைக்காரர், டயர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஐம்பத்து மூன்று வயது. "எல்லாம் ஒரே இரைச்சல்தான் தம்பி. எந்த இரைச்சல் மொத இரைச்சல்னு சண்ட போடுறீங்க" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார்.

ஹுபர்ட் நாகர்கோவில் பையன். இருபத்தேழு வயது. தினமும் கேசட்டுகளுக்கு நடுவில் இருக்கிறான். ஆனால் கேட்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர்கள் வீட்டு வாசலில் நின்று இந்த இசையைக் கற்றுக்கொண்டவன்.

ஆகஸ்ட் 2, வியாழன்

விடியும்போது பட்டாசு மாதிரி சத்தம். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். பாய் எழுப்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடற்கரைச் சாலையில் டாங்கிகள் வரிசையாகப் போகின்றன. ஈராக் ராணுவம்.

ரேடியோவில் ஒருவர் அரபியில் அழுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். உதவி கேட்கிறார் என்றார் பாய். பிறகு ரேடியோ நின்றுவிட்டது.

ஊரில் என் மனைவி சுகந்திக்குப் போன் போட்டேன். வெளிநாட்டு லைன் எதுவும் இல்லை. மூன்று பேரும் குளியல் தொட்டி, வாளி, குக்கர், பிளாஸ்க் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

பாய்க்கு அரபி நன்றாகத் தெரியும் என்பதால் இரண்டு நாளாக அவர்தான் வெளியே போய் குபூஸ் ரொட்டி வாங்கி வந்தார். நேற்று உடைந்த கடைக் கண்ணாடி ஒன்று செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காயத்தைப் பார்த்தேன், நல்ல ஆழம். இனி அவர் நடக்கக்கூடாது.

ரொட்டிக்கடை ஐந்து தெரு தள்ளி இருக்கிறது. நடுவில் ரவுண்டானாவில் மணல் மூட்டை அடுக்கிச் சிப்பாய்கள் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, திங்கள்

இன்று ரொட்டி இல்லை. யாரும் போகவில்லை. ஹுபர்ட் என்னைப் பார்த்தான். எனக்குக் காலையிலிருந்தே தலைவலி.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

பாய் ஒரு ஏற்பாடு செய்தார். "ரெண்டு பேரும் எப்படியும் அந்தப் பாட்டுக்குத்தான் சண்ட போடப்போறீங்க. தினம் ஒரு குழுவ எடுத்துப் பேசுங்க. பட்டியல்ல இருக்கலாமா, வேணாமான்னு நான் தீர்ப்புச் சொல்றேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது, அதனால பட்சபாதம் கெடையாது. தோத்தவர் ரொட்டிக்குப் போகணும்."

ஹுபர்ட் கையைத் தட்டிச் சிரித்தான். ஐந்து நாளில் இந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. நானும் சரி என்றேன்.

அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நல்ல காகிதத்தில் பத்துப் பெயரையும், கேமலை இப்போதைக்குக் கடைசியாக விட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, எண் போட்டு, சுவரில் ஒட்டினேன். மாற்றம் வந்தால் பெயரை அடித்து அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் தேதியும், ஜெயித்தவர் பெயரின் முதல் எழுத்தும் எழுதுவது என்று ஏற்பாடு.

முதல் வழக்கு: பிங்க் ஃப்ளாய்ட் புரோக்ரசிவ் ராக்தானா? அது தூக்கம் வரவைக்கும் இசை, அதில் தாளச் சிக்கல் எங்கே என்று கேட்டேன். "தூங்க வைக்குதுன்னா இப்ப நமக்கு அதுதான் வாப்பா வேணும்" என்று பாய் ஹுபர்ட் பக்கம் தீர்ப்பளித்துவிட்டார். நான் போக வேண்டியதாயிற்று.

போய் வந்தேன். ரவுண்டானாவில் ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் என் சட்டைப் பொத்தானைத் தொட்டு ஏதோ கேட்டான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "ஹிந்தி, ஹிந்தி" என்றேன். இந்தியன் என்று அர்த்தம். போகச் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது.

வந்ததும் பேன்ட்டைத் துவைத்துப் போட்டேன். ஒரே தூசி. தண்ணீரை இப்படிச் செலவழிக்கலாமா என்று பாய் கேட்டார்.

ஆகஸ்ட் 11, சனி

நான்கு நாளாக ஜெயிக்கிறேன். ஜெனசிஸில் பாடகர் விலகிப்போய் டிரம்ஸ் வாசித்தவரே பாட ஆரம்பித்த பிறகு பாட்டெல்லாம் குட்டையாகிவிட்டது என்று விளக்கினேன். ஹுபர்ட்டுக்கு அந்தக் குட்டைப் பாட்டுகளும் பிடிக்குமாம். "வந்து நின்னவங்களையும் சேத்துக்கிடணும்லா அண்ணே" என்றான். வாதமா இது?

அவன் போய்விட்டு வருகிற நேரம் வரை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்ற அக்கறைதான்.

இன்று எண்பது நிமிடம் ஆனது.

ஆகஸ்ட் 15, புதன்

சுதந்திர தினம். பாயின் பாதம் வீங்கியிருக்கிறது. மாத்திரை பத்து நாளுக்கு இருக்கிறது. இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஊருக்குப் போகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்களாம், பஸ் வருமாம், பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் போய் அங்கிருந்து விமானமாம். ஹுபர்ட் ரொட்டி வரிசையில் கேட்டுவந்து சொன்னான். மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறான்.

ஜெத்ரோ டல் குழுவுக்காக அவன் இன்று நன்றாகவே வாதாடினான். புல்லாங்குழலை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வாசிக்கிறவர் என்று சொல்லி, அறை நடுவில் நின்று காட்டினான். பாய் ஒற்றைக்காலில் நிற்கும் தன் நிலைமையை நினைத்தாரோ என்னவோ, விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் நான்தான் ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 18, சனி

எதிர்க் கட்டடத்தில் இருந்த ஆங்கிலேய இன்ஜினியரைக் காணவில்லை. ஒளிந்திருக்கிறார் என்கிறார்கள், பிடித்துவிட்டார்கள் என்கிறார்கள். திரை மூடியபடியே இருக்கிறது.

மதியம் பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச் சத்தம். ஹுபர்ட் அப்போது வெளியே இருந்தான். வந்தபோது உதடு வெளுத்திருந்தது. ரொட்டிப் பையை வைத்துவிட்டு, கேமல் கேசட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பேட்டரி தீர்ந்துவிடும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, புதன்

இன்று நெருக்கடியாகிவிட்டது. கேமல் வழக்கு. ஹுபர்ட் தயாராக வந்திருந்தான். அவன் பேசப் பேசப் பாய் தலையாட்ட ஆரம்பித்தார். "மனுசனுக்கு ஆறுதல் குடுக்குதுன்னா அது பெரிசுதானே தயாளன் தம்பி?" என்றார்.

காலையில் ரவுண்டானாவில் ஒருவரை முட்டிபோட வைத்திருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன்.

"கேமலை வைக்கறதுன்னா ஆல்டன் ஃபெரிய எங்க வைக்கறது?" என்று கேட்டேன். இங்கிலாந்துக் குழு, ஐந்து பேர், எழுபத்திரண்டில் ஒரே ஒரு ரெக்கார்டு, டிரம்ஸே கிடையாது, யாழ் மாதிரி ஒரு வாத்தியத்தை வைத்தே தாளத்தைக் கொண்டுபோவார்கள், தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதல் மூன்றில் வைப்பார்கள் என்றேன். நீ கேட்டதில்லையா என்று ஹுபர்ட்டிடம் கேட்டேன்.

அவன் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தான். "கேட்டிருக்கேன்ணே. கடையில ஒரு தடவ வந்துச்சு. நீல அட்ட" என்றான்.

கேமலை அடித்துவிட்டு ஆல்டன் ஃபெரி என்று எழுதினேன். ஹுபர்ட் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவனே கேட்டிருப்பதாகச் சொல்கிறான். அப்படியென்றால் அந்தப் பெயரில் ஒரு குழு இருக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

வெளிநாட்டுக்காரர்களை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தியர்களுக்குப் பயமில்லை, வெள்ளைக்காரர்களைத்தான் தேடுகிறார்கள் என்றார் பாய்.

பயமில்லை.

ஆகஸ்ட் 29, புதன்

காலையில் ஹுபர்ட் சுவரிலிருந்து பட்டியலைக் கிழியாமல் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வரிசையில நிக்கும்போது யோசிக்கேன்ணே. நாளைக்கு ஒங்கள விடமாட்டேன்" என்றான்.

எட்டு மணிக்குப் போனவன். இப்போது மாலை ஆறு.

ஆகஸ்ட் 30, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ரொட்டிக்கடையில் வேலை செய்யும் மலையாளி வந்து கதவைத் தட்டினார். நேற்று வரிசையில் நின்றவர்களைச் சோதனை போட்டபோது ஹுபர்ட் பையில் ஒரு காகிதம் கிடைத்ததாம். அதில் பெயர்கள் இருந்ததாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

எனக்கு உடனே புரிந்தது. எமர்சன், லேக், பாமர். ஜெத்ரோ டல். ஆல்டன் ஃபெரி. வெள்ளைக்காரர்கள் பெயர். எண் போட்டு, சிலதை அடித்து, அம்புக்குறி போட்டுத் தேதி எழுதியிருக்கிறது. யாரை எந்த நாளில் எங்கே மாற்றினோம் என்று குறித்து வைத்ததுபோல.

என் கையெழுத்து.

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சட்டையை மாற்றினார். "நான் போறேன். அரபி தெரிஞ்சவன் போனாத்தான் பேசலாம். நீங்க இருங்க தம்பி."

நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஒற்றைக்காலால் தத்தித் தத்தி வாசல் வரை போகிற சத்தம் கேட்டது. பிறகு பூட்டுத் திறக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தேன்.

வீட்டிலிருந்த எல்லாக் கேசட்டையும் ஒரு பையில் போட்டேன். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டேன். பாயின் கையை என் தோளில் போட்டு நடந்தோம். ரவுண்டானாவில் பாய் பேசினார். எனக்குக் காது கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். அதில் ஒன்றில் என்னை உட்கார வைத்தார்கள். முழங்கால் நெஞ்சைத் தொட்டது. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, தூங்காத முகம். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அவர் முன்னால் என் காகிதம்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான், சார்."

"உன் நண்பன், தானே எழுதியதாக நேற்றிலிருந்து சொல்கிறான். எழுதிக் காட்டச் சொன்னேன். அவன் எழுத்து இப்படி இல்லை." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "யாரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான்? இந்த லேக் எங்கே? பாமர் எங்கே?"

ஹுபர்ட் என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் சொல்லவில்லை.

எல்லாம் பாட்டுக் குழு சார், மூன்று பேர் தங்கள் பெயரைச் சேர்த்துவைத்த குழு சார் என்று சொல்லிப் பையைக் கவிழ்த்தேன். அவர் ஒவ்வொரு கேசட்டாக எடுத்துக் காகிதத்தில் இருந்த பெயரோடு ஒப்பிட்டார். கிங் க்ரிம்ஸன் என்பதில் கொஞ்சம் நின்றார். "ராஜா யார்?" என்று கேட்டார். பெயர்தான் சார் என்றேன். ஒன்றை டேப் ரெக்கார்டரில் போடச் சொன்னார். ஆர்கன் ஓடியது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எப்போது பாடுவார்கள்?"

"இன்னும் நாலு நிமிஷம் ஆகும், சார்."

வாசலில் நின்ற சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. கேசட்டுகளை வரிசையாக அடுக்கினார். ஒரு பெயருக்கு மட்டும் பக்கத்தில் எதுவும் இல்லை.

"ஆல்டன் ஃபெரி. எல்லாவற்றுக்கும் கேசட் கொண்டுவந்தாய். இவனுக்கு இல்லை. தேதி ஆகஸ்ட் 22. இவன் எங்கே?"

அவர் அரபியில் ஏதோ சொல்ல, ஹுபர்ட்டை அழைத்து வந்தார்கள். செருப்பு இல்லை. கீழுதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் "ஏன்ணே வந்தீங்க" என்றான்.

அதிகாரி அவனிடம் கேட்டார்: "ஆல்டன் ஃபெரி யார்?"

"பேண்ட், சார். இங்கிலீஷ் பேண்ட். நான் கேசட்டைப் பார்த்திருக்கிறேன். நீல அட்டை."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எந்தக் கடையில், யார் வாசித்தார்கள், ஒரு பாட்டுப் பாடு என்று அடுத்த கேள்வி வரும். நான் ஒன்று சொல்வேன், அவன் ஒன்று சொல்வான்.

"அப்படி ஒரு குழு இல்லை, சார். நான் கட்டிச் சொன்னது."

"எதற்கு?"

சொன்னேன். வாதத்தில் தோற்றவன்தான் ரொட்டிக்குப் போக வேண்டும். எனக்கு வெளியே போகப் பயம். தோற்றுவிடுவேன் போலிருந்தது. அதனால் இல்லாத ஒரு குழுவைச் சொல்லி ஜெயித்தேன். இவன் போனான். பாய்க்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்பதால் அதையே தமிழிலும் சொன்னேன். அதிகாரி கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லாத குழுவின் அட்டை நீலம் என்று இவன் எப்படிச் சொன்னான்?" என்று அதிகாரி கேட்டார்.

ஹுபர்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் எனக்காக விட்டுக்கொடுத்தான் என்று எட்டு நாளாக மனசுக்குள் ஓரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"வெட்கம், சார்" என்றான் ஆங்கிலத்தில். "கேசட் கடையில் வேலை செய்கிறேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

பாடகர் அப்போதுதான் பாட ஆரம்பித்தார். அதிகாரி டேப் ரெக்கார்டரை அணைத்தார்.

பாய் அரபியில் பேச ஆரம்பித்தார். பாதத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார். நானும் மடையன், இந்தப் பந்தயத்தை வைத்தவனே நான்தான், என்னையும் சேர்த்து வையுங்கள் என்று சொன்னதாகப் பிறகு சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொட்டிக்கு நடக்காமல் இருக்க ஒரு ஆங்கிலேயக் குழுவையே உண்டாக்கியிருக்கிறாய்" என்றார். "இப்படி ஒரு அவமானத்தை யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள். உன் பெயருக்கு பஸ் வந்தால் ஏறிப் போய்விடு. மறுபடி இந்தப் பக்கம் வராதே."

கேசட்டுகளையும் டேப் ரெக்கார்டரையும் வைத்துக்கொண்டார்கள். காகிதத்தை அவர் நான்காகக் கிழித்தார்.

திரும்பும்போது பாய்க்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் ஹுபர்ட். ஐந்து தெருவும் அப்படியே நடந்தோம்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

ரொட்டிக்கு நான் போனேன். வேறு பாதையில், சுற்றிக்கொண்டு. பயமாக இருந்தது.

ஹுபர்ட் சாப்பிட்டான். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டுதான்.

செப்டம்பர் 1, சனி

ஹுபர்ட் பையைக் கட்டிவிட்டான். ஃபர்வானியாவில் நாகர்கோவில்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு அறையில் இருக்கிறார்களாம், அவர்களோடு போய்விடுகிறானாம். பாயின் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஹுபர்ட்" என்றேன்.

"ரொட்டிக்கு வெள்ளன போங்கண்ணே. ஆறு மணிக்குன்னா ரவுண்டானாவுல ரெண்டு பேருதான் நிப்பானுவ" என்றான். போய்விட்டான்.

செப்டம்பர் 5, புதன்

ரொட்டி, தண்ணீர், மாத்திரை தேடி நான்கு மருந்துக்கடை. மூன்று மூடியிருக்கிறது, ஒன்று காலி. இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டான். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் நாள் மாதிரிதான் இருக்கிறது.

பாய் கேட்டார்: "தீர்ப்புச் சொன்னவன் நான். எனக்கே தெரியாம என்னையும் பொய் சொல்ல வச்சுட்டீங்களே தம்பி?" கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 9, ஞாயிறு

பஸ். எங்கள் இரண்டு பேர் பெயரும் படித்தார்கள். ஹுபர்ட் பெயரையும் படித்தார்கள். அவன் அங்கே இல்லை. ஓட்டுநரிடம் ஐந்து நிமிடம் கேட்டேன், இரண்டு நிமிடம் நின்றார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 13, வியாழன். ஜோர்டான் எல்லை

எங்கு பார்த்தாலும் கூடாரம். வெயிலும் காற்றும் மணலும். ஆயிரக்கணக்கில் மனிதர்கள். பாய்க்குக் காய்ச்சல். பாதம் கறுத்து வருகிறது. டாக்டர் கூடாரத்தில் ஊசி போட்டார்கள். நாளைக்குள் அம்மானுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, எப்படி அனுப்புவது என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஏழாவது ஆளாக ஹுபர்ட் நின்றான். பின்னங்கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. வேறு பஸ்ஸில் வந்திருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்க்கத் திரும்பிவிடுவானோ என்று நினைத்தேன். அதை நினைத்தால் ரவுண்டானாவில் நிற்பது போலவே இருந்தது. வரிசை நகர்ந்தது. அவன் கேனை நிரப்பிக்கொண்டு போகப் பார்த்தான்.

"ஹுபர்ட்!"

திரும்பினான். கேனைக் கீழே வைத்தான்.

"பாய் எங்க?" என்றான்.

கூடாரத்தில் பாயின் பாதத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினான். அரைமணி நேரத்தில் ஒரு லாரிக்காரரோடு வந்தான். எப்படிப் பேசினான், எந்த மொழியில் பேசினான் என்று தெரியாது. தூக்கி ஏற்றினோம். பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாயின் தலை என் மடியில், கால் அவன் மடியில்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் பேசினான். காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனது.

"அண்ணே, கோவம் பொய் சொன்னதுக்கு இல்ல."

"பின்ன?"

"பயமாருக்கு, நீ போன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் சும்மாவே போயிருப்பேன். டெய்லி போயிருப்பேன். எனக்க கேமல அடிச்சிட்டுத்தானா அனுப்பணும்?"

அவன் கண் கலங்கியிருந்தது, மணலாலும் இருக்கலாம். பாய் கண்ணைத் திறக்காமலே, "அந்த ஒட்டகம் நல்ல குழுதான் வாப்பா. நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றார்.

செப்டம்பர் 17, திங்கள். பம்பாய்

அம்மானில் பாயின் இரண்டு கால்விரலை எடுத்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற்றினார்கள். பாதம் தப்பியது. கீழக்கரையிலிருந்து அவருடைய மருமகன் வந்து சேர்ந்துவிட்டார்.

நேற்று சுகந்தியிடம் போனில் பேசினேன். ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா என்று கேட்டாள். என்னை வைத்து மற்றவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள் என்றேன். லைன் சரியில்லை, அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடி சொல்ல வேண்டும்.

இன்று பகலில் ஹுபர்ட்டை ரயில் ஏற்றிவிட வி.டி. ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். யாரோ கொடுத்த பெரிய சட்டை, தோள் இரண்டும் இறங்கிக் கிடந்தது. இசையைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. என்ன வேலைக்குப் போவான் என்று கேட்டேன், தெரியவில்லை என்றான். சிக்னல் விழுந்தது.

அவன் ஊர் விலாசம் என்னிடம் இல்லை. நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தும் கேட்டதில்லை. இப்போது கேட்டால் எதுக்குண்ணே என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. வண்டி நகர ஆரம்பித்தபோது இந்த டைரியைத் திறந்து ஜன்னல் வழியாக நீட்டினேன். கூடவே நடந்தேன்.

"விலாசம் எழுதிக் குடு."

டைரியை வாங்கினான். எழுதுகிறானா, ஏற்கெனவே எழுதியிருப்பதைப் படிக்கிறானா என்று தெரியவில்லை. நடை ஓட்டமாகியது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த பக்கத்தில் இருக்கிறது. கோணல் எழுத்து. பின்கோடுவரை முழுதாக எழுதியிருக்கிறான்.